சென்னை எங்கே முடிகிறது? ஒரே ஊருக்கு ஐந்து எல்லைகள், எதை எப்போது எடுப்பது

மதுரையில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் கண்டக்டர் குரல் கொடுப்பார்: “சென்னை வந்தாச்சு, எறங்குங்க.” தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் இடம் கிளாம்பாக்கம். அது சென்னை மாநகராட்சியில் இல்லை. சென்னை மாவட்டத்திலும் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். பக்கத்திலிருக்கும் தாம்பரம் மாநகராட்சிக்குள்கூட வராது. ஆனால் அந்தப் பேருந்து நிலையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ). பாரிமுனைக்குப் போக வேண்டியவருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. கண்டக்டர் சொன்னது பொய்யா? இல்லை. அவருக்கு ஒரு சென்னை, மாநகராட்சிக்கு ஒரு சென்னை.

இந்தக் குழப்பத்தோடு மூன்று பேர் என்னிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். ஒருவர் கல்லூரி மாணவர். சென்னை பெரிதா, பெங்களூரு பெரிதா என்று புராஜெக்டுக்கு எழுத வேண்டுமாம். எந்த மக்கள்தொகையை எடுப்பது என்று தெரியவில்லை. இன்னொருவர் வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு தொழில் தொடங்குகிறவர்; ‘சென்னை முழுக்க’ என்று விளம்பரம் போட்டுவிட்டு, முழுக்க என்றால் எதுவரை என்று முழிக்கிறார். மூன்றாமவர் ‘சென்னைக்கு மிக அருகில்’ மனை பார்க்கிறார். மூவருமே கேட்டது ஒன்றுதான்: சரியான எல்லை எது? மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் குறைந்தது இரண்டு பேராவது ஏமாறுவார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு எல்லையையும் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, அதை யார் போட்டது, எந்த வேலைக்காக? வரி வாங்கப் போட்ட கோடும் தலை எண்ணப் போட்ட கோடும் ஒரே இடத்தில் போகாது. இரண்டு, அது எப்போது நகர்ந்தது? நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியுமா? மூன்று, அதே அளவுகோலை இன்னொரு ஊருக்கும் வைத்துப் பார்க்க முடியுமா? நான்கு, அந்தக் கோட்டுக்குள் இருப்பதால் யாருக்குக் காசு கூடுகிறது, யாருக்குக் குறைகிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோடு ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குப் பல நேரம் அதில்தான் விடை இருக்கும்.

| எல்லை | போடுவது யார் | பரப்பு (ச.கி.மீ.) | 2011இல் மக்கள்தொகை | எங்கே உதவும் |
|---|---|---|---|---|
| மாநகராட்சி, 2011 அக்டோபருக்கு முன் | மாநில அரசு | 174 | 46.5 லட்சம் | பழைய தரவு |
| மாநகராட்சி, அதன் பின் | மாநில அரசு | 426 | சுமார் 67 லட்சம் | வரி, வார்டு, குப்பை, தேர்தல் |
| நகர்ப்புறத் திரள் (யுஏ) | சென்சஸ் | ஊர்ப் பட்டியலாக வரும் | 86.5 லட்சம் | இந்திய நகரங்களை ஒப்பிட |
| பெருநகரப் பகுதி | மாநில அரசு (சிஎம்டிஏவுக்கு) | 1,189. 2022 முதல் 5,904 | 1,189க்குச் சுமார் 89 லட்சம் | நில உபயோகம், நீண்டகால வளர்ச்சி |
| கட்டம் போட்ட வரைபடம் | ஐநா, ஆய்வாளர்கள் | ஆண்டுதோறும் மாறலாம் | முறையைப் பொறுத்தது | உலக நகரங்களை ஒப்பிட |
| வேலைக்குப் போய்வரும் வட்டம் | நம் நாட்டில் யாருமில்லை | வரையறை இல்லை | இல்லை | வீடு, வேலை, போக்குவரத்து |

## மாநகராட்சி எல்லை

எளிதில் கிடைப்பது, சட்டப்படி உறுதியானது, வரைபடத்தில் கோடாகவே இருப்பது. அதனால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஏமாறுவதும் இதில்தான்.

1688இல் தொடங்கிய இந்த மாநகராட்சி, 1970களின் இறுதியிலிருந்து 2011 வரை 174 ச.கி.மீ. அளவிலேயே இருந்தது. 2011 அக்டோபரில் அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், மாதவரம், மணலி, வளசரவாக்கம் என்று 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சேர்ந்தன. பரப்பு 426 ஆனது. 200 வார்டுகள், 15 மண்டலங்கள். ஆனால் சென்சஸ் எண்ணி முடித்தது அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில். ஆகவே ‘2011 சென்சஸ்படி சென்னை 46.5 லட்சம்’ என்பது பழைய 174க்கான எண். ஏழெட்டு மாதத்தில் அந்த எண்ணுக்குச் சொந்தமான ஊரே மாறிவிட்டது.

நானே ஒரு முறை இதில் மாட்டியிருக்கிறேன். மக்கள் அடர்த்தி போட வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் 86 லட்சம் என்று இருந்தது, இன்னொரு பக்கத்தில் 426 ச.கி.மீ. என்று இருந்தது. வகுத்தேன், 20,000க்கு மேல் வந்தது. பார்க்க அழகான எண்தான், ஆனால் அப்படி ஒரு ஊர் பூமியில் இல்லை. மேலே இருப்பது ஒரு சென்னை, கீழே இருப்பது வேறு சென்னை. ஒழுங்காக வகுத்தால் பழைய 174க்கு அடர்த்தி 26,500க்கு மேல். 426க்கு 15,700 அளவில். 1,189க்கு 7,500 அளவில். ஒரே ஆண்டு, ஒரே சென்னை, மூன்று அடர்த்தி. ‘மூச்சு முட்டும் நகரம்’ என்று எழுதுகிறவர் முதலாவதை எடுப்பார், ‘இன்னும் இடமிருக்கிறது’ என்று எழுதுகிறவர் மூன்றாவதை எடுப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு ஊரோடு ஒப்பிடப் போனால் நிலைமை மேலும் மோசம். 2011இல் மாநகராட்சி எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், அப்புறம்தான் சென்னை. ஆறாவது இடம். பெங்களூரு 84 லட்சம், நாம் 46.5 லட்சம், ஏறக்குறைய பாதி. காரணம் மக்கள் அங்கே போய்க் குவிந்ததல்ல. பெங்களூரு தன் சுற்றுவட்டார நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் 2007இலேயே விழுங்கிவிட்டது, சென்னை 2011 அக்டோபர் வரை காத்திருந்தது. கொல்கத்தா இன்னும் கீழே, ஏழாவது. கொல்கத்தாவை அகமதாபாத்தைவிடச் சின்ன ஊர் என்று யாராவது சொன்னால் ஹௌராவில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவும் நிலையில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. அடுத்த கணக்கெடுப்பில் மாநகராட்சிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு, ஊர் அப்படியே இருக்க, ‘பெங்களூரு’ என்ற ஒற்றை வரி இருக்காது. மறுமுனையில் சீனாவின் சோங்சிங். நகராட்சி என்று பெயர், பரப்பு ஏறக்குறைய 82,400 ச.கி.மீ. தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்கு. வயல், மலை, கிராமம் எல்லாம் சேர்த்து மூன்று கோடிக்கு மேல் ஆட்களைக் காட்டி ‘உலகின் மிகப் பெரிய நகரம்’ என்று அவ்வப்போது செய்தி வரும்.

மறைந்த செலவு என்ன? மாநகராட்சிக் கோடு வருகிறது என்றாலே ஓரத்து ஊராட்சிகளில் இரண்டு பேச்சு கிளம்பும். நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒன்று; வீட்டு வரி ஏறும் என்பது இன்னொன்று. அதனால் கோடு எங்கே நிற்கிறது என்பது கட்டடம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டாது; யார் சேரச் சம்மதித்தார்கள், எப்போது அரசாணை வந்தது என்பதைத்தான் காட்டும். துறைகளும் ஒரே நாளில் நகர்வதில்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே இருந்தவர் சொத்து வரி கட்டியது சென்னைக்கு, கலெக்டர் ஆபீஸ் என்றால் திருவள்ளூருக்கு. இந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தில் ‘சென்னை’ என்று பார்த்தால் அது மாவட்டமா மாநகராட்சியா என்று கேட்காமல் நகரக் கூடாது.

கவுன்சிலர், குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி, வார்டு வாரியான எந்த விஷயமானாலும் இந்த எல்லைதான். மற்றபடி, இரண்டு ஊரை ஒப்பிட இதை எடுக்காதீர்கள்.

## சென்சஸின் ‘யுஏ’

நகர்ப்புறத் திரள் என்று தமிழில் சொல்லலாம். அலுவலகங்களில் ‘யுஏ’ என்றே புழங்கும். யோசனை எளிது. ஒரு நகரம், அதன் தோள் உரசி நிற்கும் மற்ற நகரங்கள், அவற்றின் வாலாக வளர்ந்த பகுதிகள், எல்லாம் சேர்த்து ஒரு கொத்து. குறைந்தபட்சம் ஒன்றாவது சட்டப்படியான நகரமாக இருக்க வேண்டும். எல்லை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மொத்தம் 20,000 பேராவது இருக்க வேண்டும்.

இதன் பலம், யார் ஆட்சி நடத்துகிறார்கள் என்று பார்க்காதது. பரங்கிமலை-பல்லாவரம் கண்டோன்மென்ட் மாநகராட்சி நிர்வாகத்தில் இல்லை. மேடவாக்கம் 2011இல் நிர்வாகத்துக்கு ஊராட்சிதான். ஆனால் அந்தக் கடைத்தெருவையும் அடுக்குமாடிகளையும் பார்த்து யாரும் கிராமம் என்று சொல்ல மாட்டார்கள். சென்சஸுக்கு மேடவாக்கம் ‘சென்சஸ் நகரம்’. அதற்கு மூன்று நிபந்தனை: 5,000 பேராவது இருக்க வேண்டும், ஒரு ச.கி.மீ.க்கு 400 பேராவது இருக்க வேண்டும், ஆண்டில் ஆறு மாதமாவது உழைக்கும் ஆண்களில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை செய்ய வேண்டும். ஆண்கள் மட்டும்! வீட்டில் ஆண் லேத் பட்டறைக்கும் பெண் களையெடுக்கவும் போனால் ஊர் நகரமாகிவிடும். மாறிப் போனால் ஆகாது.

இந்தக் கணக்கில் 2011இல் மும்பை 184 லட்சம், டெல்லி 163 லட்சம், கொல்கத்தா 141 லட்சம், சென்னை 86.5 லட்சம், பெங்களூரு 85 லட்சம். ஆறாவது இருந்த சென்னை நான்காவது. ஏழாவது இருந்த கொல்கத்தா மூன்றாவது. பெங்களூரு ஆட்களில் ஏறக்குறைய எல்லோரும் மாநகராட்சிக்குள்ளேயே இருந்தார்கள். சென்னை ஆட்களில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே. கொல்கத்தாவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புராஜெக்ட் மாணவருக்கு என் பதில் இதுதான்: 2011க்கு யுஏ எண்ணை எடுங்கள், சென்னை ஒரு மயிரிழை முன்னே. ‘46 லட்சத்துக்கு எதிராக 84 லட்சம்’ என்று எழுதினால் மார்க் போய்விடும், போகவும் வேண்டும்.

யுஏ வெறும் ஏட்டுக்கோடு என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கான ஊர் வகை இதை வைத்துத்தான். 50 லட்சத்துக்கு மேல் எக்ஸ், 5 முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட். ஏழாவது ஊதியக் குழு கணக்கில் 2024 ஜனவரி முதல் 30, 20, 10 சதவீதம். பட்டியலில் இருப்பது ‘சென்னை யுஏ’. ஆவடியை எடுத்துக்கொள்ளுங்கள், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர், 2019 முதல் தனி மாநகராட்சி. 2011இல் அதன் சொந்த மக்கள்தொகை 5 லட்சத்துக்குக் கீழே. தனியாக நின்றால் இசட். யுஏவுக்குள் இருப்பதால் எக்ஸ். அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய் என்றால் 3,540க்கும் 10,620க்கும் உள்ள வித்தியாசம். யாரோ ஒரு சென்சஸ் அதிகாரி ‘ஒட்டி இருக்கிறது’ என்று பட்டியலில் சேர்த்ததற்கு மாதம் 7,080 ரூபாய்.

இதன் பலவீனம், பத்தாண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்பது. இப்போது அதுவும் தவறிவிட்டது, அடுத்தது 2027இல். இன்னொரு பொறி, வளர்ச்சி விகிதம். 2001இல் சென்னை யுஏ 65.6 லட்சம், 2011இல் 86.5. கூட்டிக் கழித்தால் 32 சதவீத வளர்ச்சி. ஆனால் 2001 பட்டியலில் இல்லாத ஊர்களும் 2011இல் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் புதிதாகப் பிறந்தவர்களும் அல்ல, குடிவந்தவர்களும் அல்ல. கோடு அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

## சிஎம்டிஏவின் பெருநகரப் பகுதி

வளர்ச்சி விகிதம் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். 1970களில் குழுமம் அமைந்ததிலிருந்து 2022 வரை இது 1,189 ச.கி.மீ.தான், அசையவில்லை. 2001இல் 70.4 லட்சம், 2011இல் சுமார் 89 லட்சம்: ஏறக்குறைய 26 சதவீதம். அதே பத்தாண்டில் பழைய மாநகராட்சிக்குள் 43.4இலிருந்து 46.5 லட்சம், 7 சதவீதம்தான். ஏழு, இருபத்தாறு, முப்பத்திரண்டு. மூன்றும் ‘சென்னையின் வளர்ச்சி’ என்ற பெயரில் நாளிதழில் வந்திருக்கக்கூடியவை. நான் நம்புவது நடுவில் இருப்பதை, ஏனென்றால் அதில்தான் பத்தாண்டின் இரண்டு முனையிலும் தரை ஒன்று.

திட்டமிடப் போட்ட கோடு என்பதால் இதில் ஏரியும் வயலும் உள்ளே இருக்கும். அது தப்பல்ல, இன்றைய வயலில் நாளை என்ன வரலாம் என்று சொல்வதுதான் இந்தக் கோட்டின் வேலை. ஆனால் ‘நகரம் இவ்வளவு பெரிது’ என்று சொல்ல இதை எடுத்தால் ஏரித் தண்ணீரையும் சேர்த்து ஊர் என்கிறீர்கள்.

2022 அக்டோபரில் இது 5,904 ச.கி.மீ. ஆனது. 2018இல் முதலில் பேசியது 8,878. நான்கு ஆண்டில் கிட்டத்தட்ட 3,000 ச.கி.மீ. குறைந்ததிலிருந்தே தெரியும், இந்தக் கோடு அளந்து வருவதல்ல, பேசி முடிவாவது. விரிந்த பகுதி காஞ்சிபுரத்தையும் தொடும், அரக்கோணம் பக்கமும் நீளும். அதை ‘சென்னை நகரம்’ என்று சொன்னால் காஞ்சிபுரத்துக்காரர் சிரிப்பார். அவர் ஊருக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் இருக்கிறது, நமக்கு முந்நூற்றுச் சொச்சம்.

ரியல் எஸ்டேட் விளம்பரங்களுக்கு இந்த விரிவு ஒரு வரப்பிரசாதம். ‘சிஎம்டிஏ எல்லைக்குள்’ என்று போட்டுக்கொள்ளலாம். எல்லைக்குள் இருப்பது வேறு, அந்த மனைப் பிரிவுக்கு அனுமதி வாங்கியிருப்பது வேறு. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் பல பேர் பணம் மாட்டியிருக்கிறது.

## மேலிருந்து பார்ப்பது

அரசாணை, பட்டியல் எல்லாம் வேண்டாம், வானத்திலிருந்து பார்ப்போம் என்பது இந்த வழி. பிரான்சில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே 200 மீட்டருக்கு மேல் வெற்றிடம் இல்லாமல், மொத்தம் 2,000 பேராவது இருந்தால் அது ஒரே நகர்ப்புறம். எளிமையான விதி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைப் பரிசோதித்துப் பாருங்கள். பெருங்களத்தூர் வரை சந்தேகமே இல்லை. வண்டலூரில் ஒரு பக்கம் மிருகக்காட்சி சாலையும் காடும், ஊர் அறுந்ததா? அடுத்த பக்கம் ஜிஎஸ்டி சாலை முழுக்கக் கடை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி வரை கட்டடம் விடாமல் கூடவே வரும். மறைமலை நகரில் தொழிற்சாலை மதில்கள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டிப் பரனூரில் மூச்சு விடும். அப்புறம் கொளவாய் ஏரி விரிந்ததும் ‘சரி, முடிந்தது’ என்று தோன்றும். அதற்குள் செங்கல்பட்டு வந்துவிடும்.

200 மீட்டர் விதியை நம் ஊருக்கு அப்படியே வைத்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஊரில் ஓட்டை போடும். ஆகவே எல்லா நாட்டுக்கும் பொதுவாக வேறொரு முறையை ஐநாவின் புள்ளியியல் ஆணையம் 2020இல் ஏற்றுக்கொண்டது. பூமியை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 1,500 பேராவது இருக்கும் கட்டங்கள் ஒட்டியிருந்து, மொத்தம் 50,000 பேராவது சேர்ந்தால் அது நகர மையம்.

நாட்டுக்கு நாடு வேறுபட்ட சட்டத்தை இது ஒதுக்கிவிடுகிறது என்பது பெரிய லாபம். ஆனால் அளவுகோலை மாற்றினால் என்ன ஆகும் என்று 2025இல் எல்லோரும் பார்த்தோம். பல ஆண்டுகளாக ஐநா பட்டியலில் டோக்கியோ முதலிடம், 3.7 கோடி. புதிய முறையில் ஜகார்த்தா 4.2 கோடியோடு முதலிடம், டாக்கா 3.7 கோடியோடு இரண்டாவது, டோக்கியோ 3.3 கோடியோடு மூன்றாவது. அதற்கு முந்தைய 2018 பட்டியலில் ஜகார்த்தா ஒரு கோடி சொச்சம்தான். நிர்வாக எல்லையை மட்டும் எடுத்திருந்தார்கள். மூன்று கோடிப் பேர் ஏழு ஆண்டில் குடிவரவில்லை.

என் தயக்கம் அந்த 1,500இல். ஐரோப்பாவில் 1,500 என்றால் நிச்சயம் ஊர். கங்கைச் சமவெளியிலும் கேரளத்திலும் வயலும் வீடும் கலந்த பகுதிகளே அதைத் தாண்டிவிடும். சென்சஸ் ‘என்ன வேலை செய்கிறாய்’ என்றாவது கேட்கிறது. கட்டம் தலையை மட்டும் எண்ணுகிறது. நைஜீரியாவின் லாகோஸையும் சென்னையையும் ஒரே தாளில் எழுத வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சென்னைக்குள் ஒரு முடிவெடுக்க வேண்டியவருக்கு இது எதற்கும் ஆகாது. கட்டத்துக்கு கவுன்சிலரும் இல்லை, தாசில்தாரும் இல்லை.

## வேலைக்குப் போய்வரும் வட்டம்

எனக்குப் பிடித்தது இது, கிடைக்காததும் இது. ஒரு ஊரின் எல்லை என்பது காலையில் அங்கே வேலைக்கு வந்து ராத்திரி வீடு திரும்புகிறவர்களின் எல்லை என்பது இதன் அடிப்படை. அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) உழைப்பாளிகளில் 25 சதவீதம் பேர் மையப் பகுதிக்கு வேலைக்குப் போனால் அது அந்தப் பெருநகரத்தோடு சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 சதவீதம். ஜப்பானில் மக்கள்தொகையில் 1.5 சதவீதம் போதும். டோக்கியோவின் பழைய 3.7 கோடி அந்தத் தாராளத்தில் வந்தது.

நம்மிடம் இதற்கான தரவு இல்லை. 2011 சென்சஸில் வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. செங்கல்பட்டில் ஒருவர் 30 கிலோமீட்டர் ரயிலில் போகிறார் என்று தெரியும். வடக்கே தாம்பரத்துக்கா, மேற்கே காஞ்சிபுரத்துக்கா என்று தெரியாது.

ஆகவே சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சிலர் பின்கோடு பார்ப்பார்கள்: வண்டலூர் 600 048, அடுத்த ஊரப்பாக்கம் 603 210, அங்கே சென்னை அறுந்துவிடும். சிலர் 044 என்பார்கள். அது காஞ்சிபுரம் வீட்டுத் தொலைபேசிக்கும் அதேதான். அதைவிட நல்ல சாட்சி ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த தென்சென்னைப் புறநகர் முழுக்க அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. இன்று வடக்கே போகும் புறநகர் வண்டி ஆந்திராவின் சூலூர்ப்பேட்டை வரை போகிறது. மாநகராட்சியும் சிஎம்டிஏவும் மாநில எல்லையைத் தாண்ட முடியாது. காலை வண்டி தாண்டிவிடும். ரயில்வே 150 கிலோமீட்டர் வரை சீசன் டிக்கெட் தருகிறது. காட்பாடி சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து தினமும் சென்னைக்கு வந்துபோகும் ஆட்கள் இருக்கிறார்கள், பெட்டியில் அவர்களுக்கென்று ஒரு சீட்டுக்கட்டுக் கோஷ்டியும் இருக்கும். அவர்களுக்காகக் காட்பாடியைச் சென்னை என்று சொல்ல முடியாது. எத்தனை பேர் வந்தால் சொல்லலாம் என்று ஒரு சதவீதம் வைக்கத்தான் அந்த ‘எங்கே’ என்ற கேள்வி வேண்டும்.

## அந்த மூவருக்கும்

மாணவருக்குச் சொல்லிவிட்டேன். கூடுதலாக ஒன்று: வளர்ச்சி பற்றி எழுதினால் யுஏவை விட்டுவிட்டு 1,189க்குப் போங்கள். பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே பரப்பையும் ஆண்டையும் குறித்துவிடுங்கள்.

தொழில் தொடங்குகிறவருக்கு இந்த ஐந்தில் எதுவும் பொருந்தாது. அவர் செலவு ச.கி.மீ.யில் வராது, நேரத்தில் வரும். மணலியும் சோழிங்கநல்லூரும் ஒரே மாநகராட்சிக் கோட்டுக்குள்தான்; வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த இடைவெளி அரை நாள். கிடங்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தெருக்களை மட்டும் பட்டியலிட்டு, ‘சென்னை முழுக்க’ என்பதை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். உள்ளே எத்தனை வீடு என்று தெரிய வேண்டுமென்றால் அப்போது வார்டு எண் உதவும்.

மனை பார்க்கிறவர் மூன்று கோடுகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எந்த உள்ளாட்சி என்பது வரிக்கும் தண்ணீருக்கும். எந்தத் தாலுகா என்பது பட்டாவுக்கு. யார் அனுமதி என்பது வீடு கட்ட. சிஎம்டிஏவோ டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த மனைப் பிரிவு அனுமதி எண்ணையே கேளுங்கள், ‘எல்லைக்குள்’ என்ற பேச்சை வாங்காதீர்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்வது எளிதல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கோட்டை எந்த அலுவலகமும் எழுதித் தராது. முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஊர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று, கடற்கரை வண்டி வரும்போது ஏற இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.